பணமும் முடிவும் யார் கையில்?: பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் தாமே நடத்திய உள்ளூர் அமைப்புகளின் வரலாறு

ஓர் ஊரில் வாழும் மாற்றுத்திறனாளிக்கு என்னென்ன உதவிகள் கிடைக்கின்றன என்று கேட்பது சமூகநல நிர்வாகத்தின் வழக்கம். அந்த உதவி எப்போது வரவேண்டும், எந்த முறையில் வரவேண்டும், யார் வந்து செய்யவேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. இந்த இரண்டாவது கேள்வியை முன்னிறுத்தி, அதற்கு விடையாகத் தம் ஊரிலேயே அமைப்புகளைக் கட்டி, அவற்றின் பட்டறிவைக் கொண்டு நாட்டின் சட்டத்தையும் மாற்றியவர்கள் என்ற வகையில் பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தினர் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். 1970களின் தொடக்கம் முதல் அண்மைக் காலம் வரையிலான அந்த இயக்கத்தின் போக்கைத் தொடர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. சட்டம் உள்ளூர் அமைப்புகளைப் பிறப்பிக்கவில்லை. உள்ளூர் அமைப்புகளே சட்டத்தைப் பிறப்பித்தன. அவை நலிந்த இடங்களில் சட்டமும் சேர்ந்தே நலிந்தது.

இல்லங்களின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் உருவான நலவாழ்வு அரசின் அடித்தளங்களுள் ஒன்று 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம். முதுமையாலும் உடற்குறைபாட்டாலும் பிறர் துணை தேவைப்படுவோருக்குத் தங்குமிடம் அளிக்கும் பொறுப்பை அச்சட்டம் உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. ஆனால் பராமரிப்புக்கு ஈடாக உரியவரின் கையில் பணமாகக் கொடுக்க அது மன்றங்களை அனுமதிக்கவில்லை. ஆகவே, உடையணியவும் குளிக்கவும் படுக்கையிலிருந்து எழவும் பிறர் உதவி வேண்டிய ஒருவருக்கு அக்காலத்தில் இருந்த வழிகள் இரண்டே: குடும்பத்தின் தோளில் வாழ்நாள் முழுவதும் சாய்ந்திருப்பது, அல்லது ஓர் இல்லத்திலோ மருத்துவமனை வார்டிலோ நிரந்தரமாகத் தங்குவது.

அத்தகைய இல்லங்களுள் பெயர் பெற்றது ஹாம்ப்ஷயரில் இருந்த லே கோர்ட். போர் விமானியாகப் புகழ்பெற்ற லியனார்டு செஷயர் 1948இல் அதைத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த இல்லங்கள் பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளில் பரவின. நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்ட அந்த இல்லத்தில்தான் பிற்கால இயக்கத்தின் வேர்களும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. இரவில் எத்தனை மணிக்குப் படுக்கச் செல்வது, விரும்பினால் மது அருந்துவது, ஆணும் பெண்ணும் பிறர் தலையீடின்றிப் பழகுவது, நிர்வாகத்துக்குத் தெரிவிக்காமல் வெளியே சென்று வருவது ஆகிய உரிமைகளுக்காக அங்கு வசித்தவர்கள் போராட வேண்டியிருந்தது. வெளியில் வாழும் எவரும் உரிமை என்று எண்ணிக்கூடப் பாராத இச்சிறு செயல்களுக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்த நிலையே, தங்கள் சிக்கல் உடலில் இல்லை, நிர்வாக அமைப்பில்தான் இருக்கிறது என்ற உணர்வை அவர்களிடம் விதைத்தது.

தங்கள் பக்கத்து நியாயத்தை நடுநிலையான ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில், லே கோர்ட் வாசிகள் டாவிஸ்டாக் நிறுவனத்தின் உதவியை நாடினார்கள். அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களான எரிக் மில்லரும் ஜெரால்டின் க்வினும் எழுதிய நூல் 1972இல் வெளிவந்தபோது அந்த நம்பிக்கை பொய்த்தது. இத்தகைய இல்லங்களில் சேர்வோர் சமூக அளவில் ஏற்கெனவே இறந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள் என்று விவரித்த அந்நூல், இந்த நிலையை மாற்றக் கோரவில்லை; சமூக மரணத்துக்கும் உடல் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை இல்லங்கள் எப்படிச் சீராக நடத்தித் தருவது என்பதையே ஆராய்ந்தது. லே கோர்ட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1966இல் மாற்றுத்திறனாளிகளின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கிய பால் ஹன்ட், ஆய்வாளர்கள் நடுநிலை என்ற பெயரில் ஒடுக்குவோர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று பின்னாளில் கடுமையாகச் சாடினார்.

கருத்து மாறிய விதம்

1972 செப்டம்பர் 20 அன்று கார்டியன் நாளிதழில் வெளியான பால் ஹன்ட்டின் கடிதம், ஒதுக்கமான இல்லங்களில் அடைபட்டுள்ளவர்களின் கருத்தை வெளிக்கொணரவும் மாற்று ஏற்பாடுகளை வகுக்கவும் அவர்களே ஒரு குழுவாகத் திரள வேண்டும் என்று அழைத்தது. அந்த அழைப்பின் விளைவாக உருவானதே, யூப்பியாஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட, ஒதுக்கிவைத்தலுக்கு எதிரான உடற்குறைபாடுடையோர் ஒன்றியம். அதன் உறுப்பினர்களில் பலர் இல்லங்களில் இருந்ததால் ஒன்றுகூடிப் பேச இயலவில்லை. அஞ்சல் வழியாகச் சுற்றுக்கு விடப்பட்ட கடிதங்களிலேயே நீண்ட விவாதம் நடந்தது. அந்த விவாதத்தின் முடிவில் 1974இல் அதன் கொள்கை அறிக்கை உருப்பெற்றது.

அடுத்த ஆண்டு, சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் முதலானோர் அங்கம் வகித்த மாற்றுத்திறனாளிகள் கூட்டணி என்ற அமைப்போடு ஒன்றியம் நடத்திய விவாதம், இயக்கத்தின் சிந்தனைத் திருப்பமாக அமைந்தது. மாற்றுத்திறனாளிகளின் வறுமையை ஆதாரத்தோடு எடுத்துக்காட்டி அரசிடம் கூடுதல் உதவித்தொகை கேட்பதே கூட்டணியின் வழி. ஒன்றியமோ, வறுமை நோயின் அறிகுறி மட்டுமே, வேலையிலிருந்தும் கல்வியிலிருந்தும் பொது வாழ்விலிருந்தும் விலக்கப்படுவதே நோய் என்று வாதிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசும் வல்லுநர்கள் தலைமை ஏற்பதும், மாற்றுத்திறனாளிகளே தலைமை ஏற்பதும் ஒன்றல்ல என்பதும் அதன் வாதம்.

1976இல் வெளியிடப்பட்ட அந்த விவாதப் பதிவில், உடற்குறைபாடும் அதன்மேல் சமூகம் சுமத்தும் முடக்கமும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டப்பட்டன. கால் இயங்காமல் இருப்பது உடற்குறைபாடு. படிக்கட்டு மட்டுமே உள்ள அஞ்சலகம், சக்கர நாற்காலி ஏற முடியாத பேருந்து, நேர்காணலுக்கே அழைக்காத முதலாளி ஆகியவை சேர்ந்து அந்த மனிதரை வீட்டுக்குள் இருத்துவது முடக்கம். முன்னதை மருத்துவம் ஓரளவுக்குக் கவனிக்கலாம். பின்னதை அரசியல் மட்டுமே தீர்க்கும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி எதிர்ப்புக்காகச் சிறை சென்று, பின்னர் பிரிட்டனில் குடியேறிய விக் ஃபிங்கல்ஸ்டைன், மக்களைப் பிரித்துவைக்கும் ஆட்சியை நேரில் கண்டவர் என்பதால் இந்த வாதத்துக்குக் கூடுதல் கூர்மை தந்தார். சமூகவியலாளர் மைக் ஆலிவர் 1983இல் இதற்குச் ‘சமூக மாதிரி’ என்று பெயரிட்டார். சிக்கலைத் தனிமனித உடலில் தேடும் பழைய பார்வை தனிநபர் மாதிரி அல்லது மருத்துவ மாதிரி எனப்பட்டது.

குரோவ் சாலையின் ஆறு வீடுகள்

கருத்து எவ்வளவு சரியானதாக இருந்தாலும், இல்லத்தை விட்டு வெளியேறும் ஒருவர் அன்றிரவு எங்கே உறங்குவார், யார் அவரைப் படுக்கையில் கிடத்துவார் என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை வேண்டும். அந்த விடையை முதலில் கண்டவர்களுள் கென் டேவிஸ், மேகி டேவிஸ் இணையர் முக்கியமானவர்கள். இருவரும் ஒன்றியத்தின் உறுப்பினர்கள். இருவருக்கும் அன்றாட உடல் உதவி தேவைப்பட்டது. இல்லத்தில் வாழ மறுத்து, பொது வீட்டுவசதிச் சங்கமொன்றின் துணையோடு அவர்கள் தாமே திட்டமிட்ட குடியிருப்பு 1976இல் நாட்டிங்காம்ஷயரின் சட்டன்-இன்-ஆஷ்ஃபீல்டு ஊரில், குரோவ் சாலையில் எழுந்தது.

அதன் அமைப்பு எளிமையானது. தரைத்தளத்தில் சக்கர நாற்காலி புழங்குமாறு கட்டப்பட்ட 3 வீடுகள், அவற்றின் மேல் உடற்குறைபாடு இல்லாத குடும்பங்களுக்கு 3 வீடுகள். மேல்வீட்டுக் குடும்பங்கள் தரைத்தள வாசிகளுக்குத் தேவையான உதவிகளை முறைவைத்துச் செய்து தருவது என்பது குடியேறும்போதே செய்துகொண்ட உடன்பாடு. அங்கே காப்பாளர் இல்லை, அலுவலகம் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. கதவுச் சாவி வீட்டுக்காரர் கையில் இருந்தது. எத்தனை மணிக்கு எழுவது என்பதை வீட்டுக்காரரே சொன்னார். கட்டடக் கலை, வாடகை ஒப்பந்தம், அண்டை வீட்டு உறவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பின்னிய இந்தச் சிறு திட்டம், கடுமையான உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு இல்லமே ஒரே வழி என்ற நிர்வாகத் துறையின் அடிப்படை நம்பிக்கையைச் செயலால் மறுத்தது.

டார்பிஷயரின் ஏழு தேவைகள்

அடுத்த கட்டம், ஓரிரு குடும்பங்களின் வெற்றியை ஒரு வட்டாரம் முழுவதற்கும் உரிய அமைப்பாக விரிப்பது. இது டார்பிஷயர் கவுண்டியில் நடந்தது. அங்கு 1970களின் நடுப்பகுதியில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய தொலைபேசித் தகவல் சேவை தோன்றி, நாடெங்கும் டயல் என்ற பெயரில் பரவிய தகவல் மையங்களுக்கு முன்னோடியாயிற்று. உதவித்தொகை, வீட்டு மாற்றம், கருவிகள் குறித்து வந்த அழைப்புகளை ஏற்றவர்களுக்கு, வட்டாரத்தின் உண்மையான தேவை எதுவென்று வேறெவரையும்விட நன்றாகத் தெரிய வந்தது. அந்த அறிவின் மேல், உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981இல் டார்பிஷயர் மாற்றுத்திறனாளிகள் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. கவுண்டி மன்றத்தோடு அது நடத்திய நீண்ட பேச்சின் பயனாக 1985இல் டார்பிஷயர் ஒருங்கிணைந்த வாழ்வு மையம் தொடங்கியது.

அந்த மையத்தின் தனிச்சிறப்பு, ஏழு தேவைகள் என்று அது வகுத்த வரிசை: தகவல், சக அனுபவம் உடையோரின் ஆலோசனை, வீடு, துணைக்கருவிகள், தனி உதவி, போக்குவரத்து, தடையற்ற அணுகல். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு நலத்திட்டப் பட்டியல் போலத் தோன்றும். உண்மையில் இது வெளியேறும் ஒரு மனிதரின் பாதையை அடியடியாகத் தொடரும் வரிசை. மாற்று வாழ்க்கை உண்டு என்ற செய்தியே எட்டாதவர் எதையும் கேட்கமாட்டார். ஆகவே முதலில் தகவல். செய்தி எட்டினாலும், அவ்வாறு வாழ்ந்து காட்டிய ஒருவரோடு பேசினால்தான் துணிவு பிறக்கும். ஆகவே அடுத்தது ஆலோசனை. துணிந்தவருக்குக் குடியேற வீடு வேண்டும். வீட்டுக்குள் புழங்கக் கருவி வேண்டும். கருவியால் முடியாததைச் செய்ய ஆள் வேண்டும். வீட்டிலிருந்து வெளியே செல்ல வண்டி வேண்டும். சென்ற இடத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும் என்பதே இதன் உள்ளுறை. துறைக்கொரு அலுவலகமாகப் பிரிந்து கிடந்த அரசு நிர்வாகத்துக்கு இந்த முழுமைப் பார்வை புதிது. பின்னர் ஹாம்ப்ஷயர் அமைப்பினர் வேலை, கல்வி, வருமானம், உரிமைக்காக வாதாடும் துணை ஆகியவற்றைச் சேர்த்து இந்தப் பட்டியலை நீட்டினார்கள்.

ஹாம்ப்ஷயரும் பணத்தின் பாதையும்

டார்பிஷயரார் உள்ளாட்சியோடு இணைந்து சேவைகளை மறுவடிவம் செய்ய முனைந்தபோது, ஹாம்ப்ஷயரார் பணத்தைத் தொட்டார்கள். 1979இல் லே கோர்ட் இல்லத்தில் வசித்த ஜான் எவன்ஸ், பிலிப் மேசன் உள்ளிட்ட சிலர் ‘புராஜெக்ட் 81’ என்ற பெயரில் குழுவாகத் திரண்டனர். அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் முதலானோர் 1972இல் பெர்க்லி நகரில் நிறுவிய சுதந்திர வாழ்வு மையம் பற்றிய செய்தி அவர்களுக்கு ஊக்கமளித்தது. சுதந்திர வாழ்வு என்பதற்கு அவர்கள் கொண்ட பொருள், எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துகொள்வது என்பதன்று. பிறர் செய்தாலும் எதை, எப்போது, எப்படிச் செய்வது என்ற முடிவு தன்னிடம் இருப்பது.

அவர்களின் வாதம் கணக்கு வடிவில் இருந்தது. தங்கள் ஒவ்வொருவருக்காகவும் ஏதோ ஓர் உள்ளாட்சி மன்றம் இல்லத்துக்குக் கட்டணம் செலுத்தி வருகிறது. அந்தப் பணத்தைக் கொண்டே, தாம் தேர்ந்தெடுத்த வீட்டில், தாமே அமர்த்தும் உதவியாளரோடு வாழ முடியும். கையில் பணமாகத் தருவதற்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக நின்றதால், மன்றம் இல்லத்துக்குச் செலுத்துவது, இல்லம் அதை உரியவருக்கு மாற்றிக் கொடுப்பது என்ற சுற்றுவழி கண்டுபிடிக்கப்பட்டது. மறைமுகத் தொகை என்று பின்னர் பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டின்கீழ் ஜான் எவன்ஸ் 1983இல் லே கோர்ட்டை விட்டு வெளியேறினார்; 1984இல் ஹாம்ப்ஷயர் சுதந்திர வாழ்வு மையம் பிறந்தது.

பணம் கைக்கு வந்ததும் புதிய பொறுப்புகளும் வந்தன. தனி உதவியாளர் என்பவர், உரியவர் தாமே விளம்பரம் செய்து, நேர்காணல் நடத்தி, வேலைக்கு அமர்த்தும் ஊழியர். எனவே மாற்றுத்திறனாளி ஒரு முதலாளியாகிறார்: ஊதியம், வரிப் பிடித்தம், விடுமுறை, பணி ஒப்பந்தம், உதவியாளர் வராத நாளுக்கு மாற்று ஏற்பாடு ஆகிய அனைத்தும் அவர் தலையில் விழுகின்றன. வாழ்நாளில் ஒரு காசோலையில் கூடக் கையெழுத்திட்டிராத இல்லவாசிக்கு இவற்றைக் கற்றுக்கொடுத்தது உள்ளூர் மையமே. ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் அடுத்தவருக்குப் பயிற்சி அளித்தார்கள். பணம் மட்டும் வந்து மையம் இல்லாதிருந்தால் திட்டம் ஓராண்டுகூடத் தாங்கியிராது என்பதை இந்த விவரங்கள் உணர்த்துகின்றன.

தெருவும் சட்டமும்

1981இல் அமைந்த பிரிட்டிஷ் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் மன்றம், மாற்றுத்திறனாளிகளே நிர்வகிக்கும் அமைப்புகளை ஒரு குடையின்கீழ் கொணர்ந்தது. பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் தேவையில்லை என்று அரசு கூறிவந்த நிலையில், மன்றத்துக்காகக் காலின் பார்ன்ஸ் எழுதி 1991இல் வெளிவந்த ஆய்வு கல்வி, வேலை, வீட்டுவசதி, போக்குவரத்து ஆகிய துறைகள்தோறும் பாகுபாடு எவ்வாறு செயல்படுகிறது என்பதை அரசின் தரவுகளைக் கொண்டே நிறுவியது. தெருப்போராட்டமும் உடன் நடந்தது. மாற்றுத்திறனாளிகளைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டி நன்கொடை திரட்டிய டெலிதான் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எதிராக 1990இலும் 1992இலும் லண்டன் படப்பிடிப்பு நிலையத்தின் முன் மாற்றுத்திறனாளிகள் திரண்டார்கள். 1992க்குப் பின் அந்நிகழ்ச்சி நடக்கவில்லை. 1993இல் தோன்றிய நேரடி நடவடிக்கைக் குழுவினர் தங்களைப் பேருந்துகளோடு விலங்கிட்டுக்கொண்டு, ஏற முடியாத வண்டி எல்லோருக்கும் ஓடாத வண்டியாகட்டும் என்று மறித்தார்கள். 1995இல் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுச் சட்டம் நிறைவேறியது. விதிவிலக்குகள் மிகுந்த அச்சட்டத்தை இயக்கம் அரைகுறை வெற்றியாகவே கருதியது.

பணம் பற்றிய கோரிக்கையும் இதே காலத்தில் கனிந்தது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் மன்றம் கேட்டுக்கொண்டபடி கொள்கை ஆய்வு நிறுவனம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வு, அதே அளவு உதவியை உள்ளாட்சி மன்றங்களின் சேவை வழியாகத் தருவதைவிடப் பணமாகத் தருவது 30 முதல் 40 விழுக்காடு வரை சிக்கனமானது என்றும், பெறுவோருக்கு அதில் மனநிறைவும் அதிகம் என்றும் காட்டியது. உரிமை என்ற வாதத்துக்கு அசையாத நிதித்துறை இந்தக் கணக்குக்குச் செவிசாய்த்தது. ஹாம்ப்ஷயரின் சுற்றுவழியைச் சட்டபூர்வமான நேர்வழியாக்கிய சமூகப் பராமரிப்பு நேரடித் தொகைச் சட்டம் 1996இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 65 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும், அதுவும் உள்ளாட்சி மன்றம் விரும்பினால் மட்டும் என்றிருந்த நிலை, 2000இல் முதியோருக்கும் விரிந்தது. 2003இல் இங்கிலாந்தில் தகுதியுள்ளவர் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடமையாயிற்று.

வெற்றியின் எல்லைகள்

ஒரே சட்டம் எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தரவில்லை. தென் இங்கிலாந்தின் பல பகுதிகளில் நேரடித் தொகை பெற்றோர் மிகுந்திருக்க, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. பொதுச் சேவையைத் தனியார்மயமாக்கும் வழியாக இது முடியும் என்று தொழிற்சங்கங்களும் அவற்றோடு நெருங்கிய உள்ளாட்சிகளும் அஞ்சியது ஒரு காரணம். பயனாளிகளே நடத்தும் துணை அமைப்பு அருகில் இருந்ததா இல்லையா என்பது அதைவிட வலுவான காரணம். இதை உணர்ந்தே, பிரதமரின் வியூகப் பிரிவு 2005இல் வெளியிட்ட அறிக்கை, சுதந்திர வாழ்வு மையங்களை முன்மாதிரியாகக் கொண்ட, பயனாளிகள் தலைமையிலான அமைப்பு ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதியிலும் 2010க்குள் அமையவேண்டும் என்று பரிந்துரைத்தது.

காலம் அதற்கு இடம் தரவில்லை. நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2010 முதல் வந்த சிக்கன நடவடிக்கைகளால் உள்ளாட்சிகளின் வரவு சுருங்க, மன்றங்களின் நல்கையை நம்பியிருந்த உள்ளூர் அமைப்புகள் பல நலிந்தன அல்லது மூடப்பட்டன. சேவைகளைப் போட்டி ஒப்பந்தமாக ஏலத்தில் விடும் முறையில், குறைந்த தொகைக்கு ஏற்கும் பெரிய தொண்டு நிறுவனங்களோடு சிறு அமைப்புகளால் போட்டியிட இயலவில்லை. 1988இல் தொடங்கி, அரசு எதிர்பார்த்த சில நூறு பேரைத் தாண்டி ஐந்தாண்டுகளில் 22,000 பேர்வரை எட்டிய, உதவியாளரை அமர்த்த மாற்றுத்திறனாளிகளுக்குப் பணம் தந்த சுதந்திர வாழ்வு நிதியம், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் மூடும் முடிவைச் சட்டவிரோதம் என்று அறிவித்த பிறகும், புதிதாக எடுக்கப்பட்ட முடிவின்படி 2015 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. குழு தன் விசாரணை அறிக்கையை 2016இல் வெளியிட்டு, பிரிட்டனில் உரிமைகள் கடுமையாகவோ முறைமையாகவோ மீறப்பட்டுள்ளன என்று முடிவு கூறியது.

ஆயினும் உள்ளூர்ப் போராட்டத்தின் வலிமை இதே ஆண்டுகளில் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டது. லண்டனின் ஹாமர்ஸ்மித் அண்டு ஃபுல்ஹாம் பகுதியில், வீட்டுப் பராமரிப்புக்குக் கட்டணம் வசூலிப்பதை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் நடத்திய பரப்புரையின் விளைவாக, அந்தப் பகுதி மன்றம் 2015இல் அக்கட்டணத்தை அடியோடு நீக்கியது. அதன்பின், மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே ஓர் ஆணையத்தை அமைத்து, கொள்கைகளை அவர்களோடு சேர்ந்து வகுக்கும் கூட்டுருவாக்க முறையையும் மன்றம் ஏற்றது. நாட்டின் பொதுப்போக்கு எதிர்த்திசையில் சென்றபோதும், திரண்ட ஓர் உள்ளூர் அமைப்பு தன் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

இயக்கத்துக்குள்ளும் விமர்சனங்கள் உண்டு. சமூகத் தடைகளை மட்டும் பேசுவது வலியையும் சோர்வையும் மறைத்துவிடுகிறது என்று ஜென்னி மாரிஸ், லிஸ் குரோ போன்ற பெண்ணியச் சிந்தனையாளர்கள் சுட்டிக்காட்டினர். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் மனநலச் சிக்கல் உள்ளவர்களும் தனித்தனி அமைப்புகளாகத் திரள நேர்ந்ததற்கு, தொடக்ககால இயக்கம் உடற்குறைபாட்டையே மையமாகக் கொண்டிருந்ததும் ஒரு காரணம். இவ்விமர்சனங்கள் இயக்கத்தின் அடிப்படை வாதத்தை மறுப்பவை அல்ல. முடிவெடுக்கும் இருக்கையில் இன்னும் யார் யார் அமர வேண்டும் என்று அவ்வாதத்தை நீட்டிப்பவை.

ஆகவே, ஓர் உள்ளாட்சியின் மாற்றுத்திறனாளர் நலப்பணியை மதிப்பிட முற்படுவோர், அது எத்தனை சக்கர நாற்காலி வழங்கியது, எத்தனை முகாம் நடத்தியது என்ற எண்ணிக்கைகளோடு நின்றுவிடக் கூடாது. அந்தத் திட்டத்தை வகுத்த குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் வாக்குரிமையுடன் இருந்தார்கள், ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு அவர்கள் விருப்பப்படி செலவிடத் தக்கதாக இருந்தது, அவர்களே நடத்தும் அமைப்புக்கு அடுத்த ஆண்டுக்கான நிதி உறுதியா என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை சொல்ல இயலாத எந்த நலத்திட்டமும், லே கோர்ட் வாசிகள் 1980களில் விட்டு வெளியேறிய ஏற்பாட்டின் இன்னொரு வடிவமே.